கேட்டை மூடவும்

அத்தியாயம் 3

எஸ்டேட் ஜீப்பில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த முதலாளிக்கு உலகத்தில் இரண்டே பிரியங்கள். ஒன்று, அவருடைய சொந்தக் குரல். இன்னொன்று, மூடிய கேட்.

வழி நெடுக கேட். கேட்டுக்குக் கேட் ஒரு வெள்ளைப் பலகை. அதில் கொட்டை எழுத்தில் ‘கேட்டை மூடவும்’. ‘தயவுசெய்து’ எழுதப் பெயிண்ட் போதவில்லை போலிருக்கிறது.

முதல் கேட்டில் மேனேஜர் இறங்கித் திறந்தார். ஜீப் தாண்டியதும் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். முதலாளி வண்டியை நிறுத்தினார், இறங்கினார், திரும்பி நடந்தார், தன் கையாலேயே கேட்டை மூடிக் கொண்டியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை வருஷமா சொல்றேன் உங்களுக்கு,” என்றார் மேனேஜரிடம்.

“சாரி ஐயா,” என்றார் மேனேஜர். அடுத்த கேட்டிலும் மறந்தார். முதலாளி மறுபடியும் இறங்கினார். அதற்கடுத்த கேட்டில் அந்த உத்தியோகம் என் தலையில் விழுந்தது. துப்பறியும் நிபுணரின் உதவியாளர் என்று ஜம்பமாக வந்தவள், கடைசியில் கேட் திறக்கிற ஆளானேன்.

நிபுணர் என்பது என் சித்தப்பா. முன் சீட்டில் பெப்பர்மிண்ட்டைச் சப்பிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிறாரோ என்று சந்தேகம் வரும்படி உட்கார்ந்திருந்தார்.

“இங்க குத்தகைக்கு இருக்கிற குடும்பங்க யாரும் எனக்கு வேத்தாளுங்க இல்ல சார்,” என்றார் முதலாளி. “நம்ம வீட்டு ஜனங்க மாதிரி.”

“அதான் வீட்ட விட்டு துரத்துறீங்களா?” என்றேன் பின்னாலிருந்து.

“வாயாடி,” என்றார் சித்தப்பா கண்ணைத் திறக்காமலே. அது திட்டு இல்லை, என்னுடைய பட்டப்பெயர். திட்டுவதற்கும் அதையே உபயோகித்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். போட்டிக்குப் போய்ப் பரிசு வாங்கிவரும் எஸ்டேட் காளை, முந்தாநாள் விடியற்காலையில் காணாமல் போனது. விடிந்ததும் குளத்தோரத்துக் குத்தகைக்காரரின் கொட்டகையில் கட்டிக் கிடந்தது. எஸ்டேட்டில் ஒரு பழைய ஒப்பந்தம் உண்டு. குத்தகைக்காரர்கள் தங்கள் நிலத்தை உழுது, அறுப்புக் காலத்தில் எஸ்டேட் வயலை முதலில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் தங்கள் வயலில் கை வைப்பது என்று நடந்துகொள்கிறவரைக்கும், அவர்களை யாரும் கிளப்ப முடியாது. கிளப்ப ஒரே ஒரு வழிதான். திருட்டு. அதனால் அந்தக் குடும்பம் இன்று பொழுது சாய்வதற்குள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

இதில் முதலாளிக்கு ஒரே தலைவலி, மற்றக் குடும்பங்கள் இதை நம்பவில்லை. வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, அறுக்கிற ஆட்களோ முணுமுணுக்கிறார்கள். வெளியாள் ஒருவர் வந்து, “ஆமாம், திருட்டுதான்” என்று தலையாட்டிவிட்டால் முணுமுணுப்பு அடங்கிவிடும். அந்தத் தலைக்காகத்தான் சித்தப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“குளத்தோரம் நீங்க அடிக்கடி போறதுண்டா?” என்றார் சித்தப்பா.

“நானா? அந்தப் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு சார். போன மழைக்கு முன்னாடி போனது. எல்லாம் மேனேஜர்தான் பாத்துக்கிறார்.”

காளைக் கொட்டகையைப் பார்த்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு ரப்பர் விரிப்பு, மேலே மின்விசிறி. எனக்கு வாடகைக்குக் கிடைத்தால் இன்றைக்கே குடி வந்துவிடுவேன். இந்தக் காளைக்குக் குத்தகைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மாப்பிள்ளை’. எந்த வேலையும் செய்யாமல் மூன்று வேளையும் உபசரிப்பு வாங்கிக்கொள்வதால் வந்த பெயராம். சித்தப்பா நெற்றியைச் சொறிந்துவிட்டார். மாப்பிள்ளை அவருடைய சட்டைக் காலரை நக்கியது.

“சாதுவா இருக்கே,” என்றார்.

“கயித்தப் புடிச்சா யார் பின்னாடியும் வருவான்,” என்றார் முதலாளி பெருமையாக. “வளப்பு அப்படி.”

இதற்குள் மேனேஜர் மெல்ல நழுவிக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். நானும் சும்மா இல்லாமல் பின்னால் போனேன். அவர் போனை வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டவர் போலப் பேசிக்கொண்டிருந்தார். “குளம் தெரியற மாதிரிதான் சார் ரூம் எல்லாம் வரும். இன்னிக்குக் காலியாயிடும். நாளைக்கே அளக்க வரலாம்.”

என்னைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு, “வீட்டுல இருந்து,” என்றார்.

“வீட்டுல இருக்கிறவங்கள சார்னுதான் கூப்பிடுவீங்களா?” என்றேன்.

குளத்தோரத்து வீட்டு வாசலில் லாரி நின்றது. முதலாளி தன் செலவில் அனுப்பியது. துரத்துவதற்கும் வண்டி அனுப்புகிறவர், எவ்வளவு பெரிய மனசு! கட்டில், கோழிக்கூண்டு, மண்வெட்டிகள், பாத்திர மூட்டை எல்லாம் பாதி ஏறியிருந்தன. அந்த வீட்டுக்காரர் கட்டிலைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் “உம்” என்று மட்டும் சொல்லுவார் என்பதால் அவர் பெயரே ‘உம்’ என்றாகிவிட்டிருந்தது. முதலாளி நாகரிகமாக ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். அழுகிற முகங்களைப் பார்த்தால் அவருக்குத் தாங்காதாம்.

அந்த வீட்டு அக்கா அழுகிற முகமாக இல்லை. கிட்டப் போனால் கடித்துவிடுவாள் போல இருந்தாள்.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா,” என்றார் சித்தப்பா. எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். தண்ணீர் கொடுத்த கை, பிறகு கதவைச் சாத்தாது என்பது அவர் கண்டுபிடிப்பு.

“சொம்பு லாரியில ஏறிடுச்சு. பால் கறக்குற செம்புலதான் இருக்கு. குடிப்பீங்களா?”

“குடிப்பேனே.”

கொண்டுவந்து கொடுத்தாள். “நீங்களும் திருட்டுன்னு எழுதிக் குடுக்கத்தான வந்திருக்கீங்க. சீக்கிரம் எழுதிட்டுப் போங்க, எனக்கு வேலை இருக்கு. இந்த நிலத்துல கல்லு பொறுக்கிப் பொறுக்கியே எங்க மாமனாருக்கு முதுகு கூனிப் போச்சு. அது ஒரு நிலமா ஆனதுக்கப்புறம் இவங்களுக்கு வேணுமாம்.”

“எங்கம்மா போவீங்க?”

“என் தம்பி வீட்டுல ஒரு ரூம் இருக்கு. மூணு பசுவ எந்த ரூம்ல கட்டுறது?” அந்த இடத்தில்தான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள்.

சித்தப்பா தண்ணீரை நிதானமாகக் குடித்தார். “அந்தக் காளைய விடுங்க. அன்னிக்கு எழுந்ததும் மொதல்ல என்ன பாத்தீங்க?”

“நான் எங்க எழுந்தேன்? எழுப்பி விட்டாங்க. பசுங்க தொண்டை கிழியக் கத்துச்சுங்க. இந்த வெயில் காலத்துல அதுங்கள நாங்க கொட்டகையில கட்டுறதில்ல. பின்னாடி புல்லுல விட்டுடுவோம், கொட்டகை சும்மாத்தான் கிடக்கும். ராத்திரி நடுவுல தாகம் எடுத்தா அதுங்களே கேட் வழியா குளத்துக்குப் போய்க் குடிச்சிட்டு வரும். அன்னிக்குப் பாத்தா கேட் மூடியிருக்கு.”

“இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“மேனேஜர்கிட்ட சொன்னேன். மாடுன்னா கத்தத்தான் செய்யும்னாரு.”

சித்தப்பா செம்பைக் கீழே வைத்தார். வாயிலிருந்த பெப்பர்மிண்ட்டை நறுக்கென்று கடித்தார். கேஸ் திரும்புகிற நேரத்தில்தான் அவர் அதைக் கடிப்பார், மற்ற நேரமெல்லாம் சப்பல்தான்.

பின்பக்கக் கேட்டைப் போய்ப் பார்த்தோம். இரும்புக் கேட். இரண்டு கீலில் மேல் கீல் பிய்ந்து போயிருந்தது. திறந்த நிலையில், ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் நெற்றியிலும் வழக்கமான பலகை.

“போன மழையில ஒடைஞ்சது,” என்றாள் அக்கா. “ரிப்பேர் பண்ணிக் குடுக்க வேண்டியது அவங்க. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். கல்லு இல்லன்னா கீழ் கீலும் பிச்சுக்கும். அன்னிக்குக் கல்லு அந்தா அந்தப் பள்ளத்துல கிடந்துச்சு.”

“காத்துல மூடியிருக்குமோ?” என்றேன்.

“மூடித்தான் பாரேன்.”

கல்லை நகர்த்திவிட்டுத் தள்ளினேன். கேட் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. இழுத்தேன், இன்னும் கொஞ்சம் குத்திக்கொண்டது. உலுக்கினேன். விரல்தான் நசுங்கியது. மேனேஜர் வேறு உதவிக்கு வந்து, அவரும் தன் பங்குக்கு முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். உம் அண்ணன் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்து “உம்” என்றார். அது அனுதாபமாக எனக்குப் படவில்லை.

“தள்ளு,” என்று என்னை ஒதுக்கிவிட்டு அக்கா வந்தாள். இரண்டு கையாலும் கேட்டைத் தூக்கி, முட்டியால் கீழே ஒரு முட்டு. கேட் குழந்தை மாதிரி போய்ச் சேர்ந்துகொண்டது. கொண்டி தானாக விழுந்தது. “இப்படித்தான் வரும். பழகாதவங்களுக்கு வராது.” மறுபடியும் திறந்து, கல்லைப் பழையபடி வைத்தாள்.

மேனேஜர் கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் சித்தப்பாவின் காதைக் கடித்தேன். “எல்லாம் அந்த மேனேஜர் வேலை. குளத்தோரம் யாரோ ஓட்டல் கட்ட வராங்க. இடம் காலியாயிடும்னு போன்ல சொன்னத என் காதால கேட்டேன். காளையக் கொண்டாந்து இங்க கட்டிட்டு, பழிய இவங்க மேல போட்டுட்டாரு. கேஸ் முடிஞ்சுது, வண்டிய எடுக்கவா?”

“நல்லா இருக்கு. ஆனா மூடின கேட்?”

“அவசரத்துல மூடியிருப்பாரு.”

“அவசரத்துல தொறந்து போட்டுட்டுத்தான் போவாங்க, மூடிட்டுப் போக மாட்டாங்க. வா, ஊர்வலம் ஒண்ணு விடலாம்.”

ஊர்வலம் என்றால் நிஜமாகவே ஊர்வலம். திருட்டு எப்படி நடந்ததோ அப்படியே நடத்திப் பார்த்தால்தான் ஊர் வாயை அடைக்க முடியும் என்று சித்தப்பா முதலாளியிடம் சொன்னார். வாயை அடைப்பது என்றதும் முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வயல் வரப்பில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்த குடும்பங்களையெல்லாம் அவரே கைதட்டி அழைத்தார். அரிவாளும் கையுமாக வந்தார்கள். அறுக்கிற அரிவாள்தான், ஆனால் அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இல்லை.

“அந்தக் குளத்தோரத்துக் கேட்டு ஒடைஞ்சு கிடக்கே, உங்களுக்குத் தெரியுமா?” என்றார் சித்தப்பா போகிற போக்கில்.

“அப்படியா? யாரும் சொல்லலையே,” என்றார் முதலாளி. மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

காளைக் கொட்டகைக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கிளம்பினோம். மாப்பிள்ளையின் கயிற்றை மேனேஜர் பிடித்துக்கொண்டு முன்னே போனார். பின்னால் குடும்பங்கள். எல்லோருக்கும் கடைசியாகச் சித்தப்பாவும் முதலாளியும். என் கண் மேனேஜரை விட்டு அகலவில்லை. முதல் கேட்டைத் திறந்தார், காளையை ஓட்டிக்கொண்டு போனார், மூடவில்லை. அடுத்த கேட்டிலும் அதே கதை. காலையில் ஜீப்பிலும் இதே மனுஷன் மூடாமல் திட்டு வாங்கியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த ஆளுக்குக் கேட்டைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. விடியற்காலையில் களவு செய்யப் போன இடத்தில் மட்டும் ஒழுங்கு வந்துவிடுமா? என் கேஸ் அங்கேயே படுத்துவிட்டது.

பின்னால் சித்தப்பா முதலாளியிடம் அவருடைய தாத்தாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். கேட்கவேண்டுமா, முதலாளிக்கு வாய் ஊறிவிட்டது. தாத்தா காட்டை அழித்தது, தாத்தா குளம் வெட்டியது, தாத்தா குதிரையில் போனது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. வெட்டியவர்கள் யார் என்று மட்டும் வரவில்லை.

உடைந்த கேட்டைத் தாண்டிக் காளை போயிற்று, ஜனங்களும் போனார்கள். அக்காவின் பசுக்கள் புல்லில் நின்றபடி எங்களை வேடிக்கை பார்த்தன. கடைசியாக முதலாளி வந்தார்.

“எங்க தாத்தா என்ன சொல்வார்னா சார், குத்தகைக்காரனப் பெத்த பிள்ளையா...”

காலால் கல்லைத் தட்டிவிட்டார். அது பள்ளத்தில் உருண்டது. இரண்டு கையாலும் கேட்டைத் தூக்கினார். முட்டியால் கீழே ஒரு முட்டு. கொண்டி விழுந்தது.

“...பாக்கணும்னு சொல்வார்.”

திரும்பிப் பார்த்தால், ஊரே நின்றுவிட்டிருந்தது. குளத்துக்குப் போகலாம் என்று வந்த ஒரு பசு, மூடிய கேட்டில் மூக்கை வைத்து ஓங்கிக் கத்தியது. மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன.

“ரொம்ப நல்லா மூடுறீங்க,” என்றார் சித்தப்பா.

“என்ன?”

“எங்க அண்ணன் பொண்ணு இதோட மல்லுக்கட்டி விரல நசுக்கிக்கிட்டா. உங்க மேனேஜருக்கு முழங்கை போச்சு. நீங்க பேச்சக்கூட நிறுத்தல. போன மழையில ஒடைஞ்ச கேட்டு இது. மழைக்கு முன்னாடியில இருந்தே இந்தப் பக்கம் வராதவருக்கு, முட்டிய எங்க வைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?”

முதலாளி தன் முட்டியைப் பார்த்தார். அதில் துருக்கறை இருந்தது. வெள்ளைக் கால்சட்டை வேறு.

“ஒரு தடவ வந்துட்டுப் போன முட்டி இல்ல இது,” என்றார் சித்தப்பா. “இவங்க எல்லாரும் உங்க வயல்ல வேலை செய்யற நேரமாப் பாத்து, ஓட்டல்காரங்கள கூட்டிட்டு வந்து குளத்தக் காட்டியிருக்கீங்க. வரும்போதெல்லாம் மூடிப் பழகியிருக்கீங்க. காளையக் கொண்டாந்து கட்டின அன்னிக்கும் மூடிட்டீங்க. உங்க எஸ்டேட்டுல அந்தப் பலகை சொல்றத கேக்குற ஆள் ஒருத்தர்தான், அத எழுதி மாட்டினவரு.”

“கேட்ட மூடுறது ஒரு குத்தமா?” முதலாளியின் குரல் முதல் தடவையாக அவருக்கே பிடிக்காத மாதிரி வந்தது. கூட்டத்தைப் பார்த்தார். “ஏதோ தப்பா நெனச்சுக்கிட்டீங்க எல்லாரும். அந்தக் காளை... யாரும் கொண்டு வந்திருக்க வேண்டியதில்லையே. தானாவே நடந்து வந்திருக்கலாம்.”

அக்கா முன்னால் வந்தாள். இடுப்பில் கை.

“தானா வந்துச்சா ஐயா? வந்து, எங்க கொட்டகைக்குள்ள போய், அதுவே கயித்த எடுத்து முடிச்சுப் போட்டுக்கிச்சா?” மாப்பிள்ளையின் முதுகில் தட்டினாள். “வர வழியில எல்லா கேட்டையும் மறக்காம மூடிட்டு வேற வந்திருக்கு. உங்க வளப்பாச்சே.”

யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்தது மொத்தமும் கிளம்பிவிட்டது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேனேஜர்கூட இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் குரலைத் தவிர வேறு எதையும் கேட்டுப் பழகாத மனுஷன், அந்தச் சிரிப்புக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய்.

சிரிப்பு அடங்கியபோது யாரும் கலைந்து போகவில்லை. வயல் பக்கமும் போகவில்லை. கையிலிருந்த அரிவாள்களைக் கீழே வைத்துவிட்டு, புல்லில் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். கதிர் முற்றி நிற்கிற வயலையும், மேற்கே கருத்துக்கொண்டு வருகிற மேகத்தையும், உட்கார்ந்த ஜனங்களையும் முதலாளி மாறி மாறிப் பார்த்தார்.

“சரி,” என்றார். “தவறான புரிதல். இவங்க இங்கயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

இவர்கள் செய்தால் திருட்டு. அவர் செய்தால் தவறான புரிதல். அதையும் போனால் போகிறதென்று பெருந்தன்மையாக மன்னிக்கிறார், யாரை என்றுதான் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்து என் வாயில் போட்டுவிட்டார்.

லாரி டிரைவர், “அப்ப சாமானெல்லாம்?” என்று தலையைச் சொறிந்தான்.

“ஏத்தச் சொன்னவங்களே எறக்கட்டும்.”

பேசியது உம் அண்ணன். அவர் மனைவியே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எஸ்டேட்டில் அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டவர்கள் யாரும் இல்லையாம்.

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேகத்தைப் பார்த்தார். கடைசியில் இருவருமாகப் போய் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைப் பிடித்தார்கள். கோழிக்கூண்டு இறங்கும்போது கோழிகள் முதலாளியின் சட்டையில் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்தன. பாத்திர மூட்டையிலிருந்து முதலில் சொம்பு வந்தது. அக்கா அதைக் கழுவி, தண்ணீர் மொண்டு, மறுபடியும் சித்தப்பாவுக்குத்தான் கொடுத்தாள். “அண்ணே, குடிங்க,” என்றாள். சித்தப்பா முழுச் சொம்பையும் குடித்தார்.

கடைசிச் சாமானும் இறங்கியதும் முதலாளி யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வந்த வழியே நடந்தார். கேட்டைத் தூக்கித் திறந்து வெளியே போனார். கை தன்னால் திரும்பி வந்தது, மூடுவதற்கு.

“ஐயா,” என்றாள் அக்கா. “மாடு தண்ணி குடிக்கணும்.”

கை நின்றது. கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு நகரப் பார்த்தார். அது சாய்ந்து கிரீச்சிட்டது.

“கல்லு இல்லாம விட்டா மிச்சக் கீலும் பிச்சுக்கும். கல்ல நீங்கதான் பள்ளத்துல தள்ளிட்டீங்க. கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

யாரும் கல்லை எடுக்க எழுந்திருக்கவில்லை. புல்லில் உட்கார்ந்தபடியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பசு வந்தது. முதலாளியை முகர்ந்து பார்த்தது, அவர் செருப்பை மிதித்துக்கொண்டு போனது. இரண்டாவது, வழியிலேயே நின்று வாலைத் தூக்கிச் சாவகாசமாகத் தன் காரியத்தை முடித்துக்கொண்டு பிறகு நகர்ந்தது. மூன்றாவதற்குத் தாகமே இல்லை போலிருக்கிறது, புல்லை மேய்ந்து மேய்ந்து வந்துகொண்டிருந்தது. அது வந்து சேருகிறவரைக்கும் முதலாளி இரண்டு கையாலும் கேட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.